விடியற்காலைப் புழுக்கத்தில் 21 கிலோமீட்டர்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஓட்டக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். "வெயில் ஏறுறதுக்குள்ள ஓடி முடிச்சிட்டா ஒண்ணும் ஆகாது சிஸ்டர்" என்பார்கள். ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் ஐந்துக்கு மாறுவார்கள், ஐந்துக்குக் கிளம்பியவர்கள் நாலரைக்கு. திருக்கழுக்குன்றத்தில் சங்கு தீர்த்தக் குளத்தருகே தெருவிளக்கு வெளிச்சத்தில் ஷூ கயிறு கட்டும் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. செவிலியர் வேலை எனக்கு. நைட் டியூட்டி இல்லாத நாட்களில் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஓட்டப் போட்டி என்றால் முதலுதவிக் கூடாரத்தில் நிற்பேன். அந்தக் கூடாரத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: அவர்கள் நம்பிக்கை பாதிதான் சரி. சீக்கிரம் எழுந்தால் வெயிலிடமிருந்து தப்பலாம். இந்தக் கடற்கரையின் புழுக்கம் எத்தனை மணிக்கு எழுந்தாலும் நமக்கு முன்னால் எழுந்து நிற்கும்.

அரை மாரத்தான் என்பது சரியாக 21.0975 கிலோமீட்டர். பதக்கத்தில் 21.1 என்று பொறித்திருப்பார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்குச் சுமார் 15 கி.மீ. அதை முடித்துவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலும் 6 கி.மீ. ஓட வேண்டும். பழகாதவருக்கு இரண்டரை மணி நேரம், சிலருக்கு மூன்று. நாலரைக்குத் தொடங்கினாலும் கடைசி ஐந்து கிலோமீட்டர் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும்போதுதான் வரும்.

விவரம் தெரிந்தவர்கள் இதற்கெல்லாம் நல்ல மாதம் பார்த்து வைத்திருக்கிறார்கள். சென்னை மாரத்தான் ஜனவரியில், ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில். ஆனால் ஓட்டம் இப்போது பன்னிரண்டு மாதச் சமாச்சாரமாகிவிட்டது. ட்ரீம் ரன்னர்ஸ் அமைப்பு சென்னையில் தன் அரை மாரத்தானை ஜூலையில் நடத்துகிறது. வசூலாகும் தொகை கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தப் போகிறது. நல்ல காரியம். 2023 ஆகஸ்டு 6ஆம் தேதி கலைஞர் நினைவு மாரத்தானுக்கு 73,206 பேர் பதிவு செய்ததால் அது கின்னஸில் இடம்பிடித்தது. 2021இல் சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியவர், அதுவும் சர்க்கரை நோயோடு. அவரைப் பார்த்து ஓட வந்தவர்களை நானே அறிவேன். ஜனவரியில் ஓட நினைப்பவர்களும் பயிற்சியை மே, ஜூனில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கப் பழகும் பையன்களோ மாதம், பருவம் எதுவும் பார்ப்பதில்லை. ஆக, கத்திரியிலும் ஆட்கள் ஓடத்தான் செய்கிறார்கள். ஓடக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஓடும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 60 கலோரி செலவாகும். அதில் கால் பங்குதான் காலை முன்னே நகர்த்தப் போகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாக மாறி உடம்பிலேயே தங்குகிறது. அந்தச் சூடு வெளியேற வழியே இல்லையென்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடல் வெப்பம் கிட்டத்தட்ட 1 டிகிரி செல்சியஸ் ஏறும். 37இல் தொடங்கியவர் நாலாவது கிலோமீட்டரில் 40ஐத் தாண்டிவிடுவார். அப்படி ஆகாமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தின் சூடு அது.

ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். கொட்டினால் பயனில்லை. சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழும் வியர்வை உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போகிறதே தவிர, சூட்டை எடுப்பதில்லை. ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட புடவை எத்தனை மணி நேரமானாலும் காயாதே, அந்த நிலைமைதான் மே மாதத்து விடியற்காலையில் நம் தோலுக்கு. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது. புதிதாக வாங்கிக்கொள்ள இடமில்லை. "இன்னிக்கு செமையா வேர்த்துச்சு, நல்ல ஒர்க் அவுட்" என்று பனியனைப் பிழிந்து காட்டுபவரைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. பிழிய வந்த அத்தனையும் வீணான வியர்வை.

இந்தப் புழுக்கத்தை அளக்க ஒரு கருவி உண்டு. 1950களில் அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் மரைன் படைச் சிப்பாய்கள் வெப்பத்தில் சுருண்டு விழுவதைத் தடுக்கப் போய், யாக்ளோ, மினார்டு என்ற இருவர் ஒரு கணக்கை உருவாக்கினார்கள். மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இன்னொன்று கறுப்பு உருண்டைக்குள் வெயிலில் இருக்கும். மூன்றாவது நிழலில் சும்மா தொங்கும். ஈரத்துணிக் கணக்குக்கு 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று பங்கு போட்டுக் கூட்ட வேண்டும். நாம் நாளிதழில் பார்த்து அலறும் "நேற்று 41 டிகிரி" என்பதற்கு இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு. காற்றின் ஈரத்துக்குத்தான் பெரும்பங்கு.

மே மாதம் மாமல்லபுரம் பக்கத்து விடியற்காலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம், சூரியன் இன்னும் வரவில்லை. யாரும் குறை சொல்ல முடியாத நேரம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 25, மொத்தக் கணக்கு 26 வரும். நெடுந்தூர ஓட்டப் போட்டிகளுக்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வகுத்த கொடிகளில் 23 முதல் 28 வரை சிவப்பு. 28ஐத் தாண்டினால் கறுப்பு, ஓட்டத்தை ரத்து செய் என்று பொருள். அதாவது நாம் இருட்டில் கிளம்பும்போதே சிவப்புக் கொடிக்குள்தான் காலை வைக்கிறோம். ஏழரை மணிக்கு 32 டிகிரி வெப்பமும் முகத்தில் வெயிலும் சேர்ந்தால் கணக்கு 30ஐத் தாண்டும். அந்த நாட்டு வரம்புகளை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. இந்த மண்ணில் பழகிய உடம்பு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் என்பதால் ஆபத்து இல்லை என்றாகிவிடாது.

"வெயிலே இல்லாத நேரத்தில் என்ன ஆகிவிடும்" என்பவர்களுக்கு நான் தோஹாவைச் சொல்வேன். 2019 செப்டம்பரில் கத்தார் தலைநகரில் உலக தடகளப் போட்டி. பகல் சூட்டுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். துளி வெயில் கிடையாது. 32 டிகிரிக்குச் சற்று மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். நம் ஊர் வைகாசி இரவுதான். உலகின் தலைசிறந்த 68 பேர் ஓடத் தொடங்கினார்கள். 28 பேரால் முடிக்க முடியவில்லை. சிலரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த காட்சியை உலகமே பார்த்தது. இதற்குப் பிறகுதான் டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை வடக்கே சப்போரோ நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் சூடு விடவில்லை. பெண்கள் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்துக் காலை 6 மணிக்குத் தொடங்க வேண்டியதாயிற்று.

கடற்கரையில் ஓடினால் கடல்காற்று காப்பாற்றும் என்பது அடுத்த நம்பிக்கை. காற்று கடலிலிருந்து வருவது நிலம் சூடேறிய பிறகு, முற்பகலுக்கு மேல். விடியற்காலையில் காற்று இருந்தால் அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பெரும்பாலும் அதுவும் இராது. மே மாதத்தில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று இன்னும் தாமதமாகும், சில நாள் கரையோரத்திலேயே நின்றுவிடும். அந்த நாட்களில்தான் வெப்பம் உச்சத்துக்குப் போகும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. செங்கல்பட்டு உள்ளே தள்ளி இருப்பதால் அங்கே கடல்காற்று மாமல்லபுரத்துக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். கொளவாய் ஏரிக்கரையில் ஓடுபவர்கள் தண்ணீரைப் பார்த்துக் குளிர்ச்சி என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான், மறுப்பதற்கில்லை. தோலுக்கு அங்கே ஈரம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

பாதைத் தேர்வில் நான் கவனிப்பது நிழலையும் காற்றையும் மட்டும். மாமல்லபுரத்துக்குள் நுழையுமுன் பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஏறும்போது உடம்பில் படும் கொஞ்சம் காற்றுக்காக நான் அங்கே வேண்டுமென்றே மெதுவாகப் போவேன். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே நிழல் இருக்கும், காற்று அடைபட்டிருக்கும். முதுகுப் பக்கம் காற்று அடித்தால் ஓட இலகு என்று மகிழ வேண்டாம். நாம் ஓடும் வேகத்திலேயே அதுவும் வந்தால் தோலில் காற்றே படாது. தார்ச்சாலையும் பாறைகளும் முந்தின நாள் பகல் முழுக்க வாங்கி வைத்த சூட்டை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை அருகே அதிகாலையில் கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

வெப்பம் உயிரைக் குடிக்க வெப்பமானி 45ஐத் தொட வேண்டும் என்பதில்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அது மே மாதம்கூட இல்லை. அவர்கள் ஓடவுமில்லை, நின்றுதான் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். ஆகஸ்டு கடைசி, மழைக்காலப் புழுக்கம். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் செத்தார்கள். வேலை வேண்டும் என்ற தவிப்பில் ஓடுபவன் உடம்பு சொல்வதைக் கேட்க மாட்டான். அரை மாரத்தானில் அந்த இடத்தை நேரக்கணக்கு பிடித்துக்கொள்கிறது. "போன வருஷம் ரெண்டு பத்துல முடிச்சேன், இந்த வருஷம் ரெண்டு மணிக்குள்ள" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுபவர்கள்தான் எங்கள் கூடாரத்துக்கு அதிகம் வருகிறார்கள். மெதுவாகப் பேசிக்கொண்டு வரும் ஐம்பது வயது அக்காமார்கள் வருவதில்லை.

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெயிலில் நடந்தது. போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ பாதி வழிக்கு மேல் ஓடிச் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். வெயில் படாமலிருக்க உடம்பில் மெழுகு போன்ற ஒன்றைப் பூசியிருந்தார் என்பார்கள். வியர்வைத் துளைகளை அவரே அடைத்துவிட்டார். அதே ஓட்டத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி சூடு தாங்காமல் வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கி ஜூஸ் குடித்து, அப்படியே யாருக்கும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967இல் ஸ்வீடன்காரர்கள் அவரை அழைத்து ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், சில மணி நேரம். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். வழியில் நிற்பது அவமானம் என்று நினைக்கும் எங்கள் பையன்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

உடம்பைச் சூட்டுக்குப் பழக்க முடியும். தினமும் ஒரு மணி நேரம்போல வெக்கையில் மிதமாக ஓடினால் பத்திலிருந்து பதினான்கு நாளில் மாற்றம் வந்துவிடும். ரத்தத்தின் நீர்ப் பகுதி கூடும். வியர்வை சீக்கிரமே ஊறத் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும். அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பழக்கம் போய்விடும். இங்கே ஒரு வேடிக்கை. மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்ப்பவர்கள், "நான் செங்கல்பட்டுக்காரன், எனக்கு வெயில் புதுசா?" என்பார்கள். பிறந்தது செங்கல்பட்டுதான். ஆனால் வீட்டில் ஏ.சி., காரில் ஏ.சி., ஆபீஸில் ஏ.சி. அவர் உடம்புக்கு வெக்கை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் விருந்தாளி. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பெண்ணின் உடம்பு அவருடையதைவிட எத்தனையோ மடங்கு பழகியது. பழகினாலும் அவளுக்கும் எல்லை உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இரு மடங்கு என்று கண்டது. நமக்கு ஓட்டம் பொழுதுபோக்கு, நினைத்தால் நிறுத்தலாம். அவளால் முடியாது என்பதையும் ஓடுகிறவர்கள் எப்போதாவது நினைத்துக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். இதில்தான் ஆலோசனை அதிகம், குழப்பமும் அதிகம். தாகம் எடுக்கும் முன்பே குடி, ஒவ்வொரு மேசையிலும் குடி என்று சொல்லிக்கொடுத்த தலைமுறை நாங்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் அளவுக்கு மீறிக் குடித்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். குடிக்க நேரமும் அதிகம், மேசைகளும் அதிகம். வியர்வையில் லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சோடியம் போகிறது. அதை வெறும் தண்ணீரால் ஈடுகட்ட முடியாது. இளநீராலும் முடியாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். ஓடி முடித்து நிழலில் உட்கார்ந்து குடிக்க அதைப் போல ஒன்று இல்லை, நுங்கும் அப்படித்தான். ஓடும்போது தேவை உப்புப் போட்ட நீர்மோர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலக்கிவிடும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு வீட்டுத் தராசு போதும். பயிற்சிக்குப் போகுமுன் எடை பாருங்கள், வந்ததும் ஈர உடையை மாற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. நூற்றுக்கு இரண்டு குறைந்தால் பரவாயில்லை. எடை கூடியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம், அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

இந்த இடத்தில் நம் ஊரின் ஒரு வியாதியையும் சொல்லியாக வேண்டும். யார் மயங்கி விழுந்தாலும் சுற்றி நிற்பவர்கள் ஒரே குரலில், "சிஸ்டர், குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள். பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடப்பதாக மனம் ஒப்பும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துச் சோடியம் இறங்கியவருக்கு அந்த பாட்டில் இன்னும் கேடு செய்யும். எதனால் விழுந்தார் என்று தெரியாமல் ஊசி குத்தக் கூடாது. கால் மணி நேரம் காலைத் தூக்கிவைத்துப் படுக்கவைத்தாலே பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓடி முடித்ததும் சட்டென்று நின்றதால் ரத்தம் காலில் தங்கி வந்த கிறுகிறுப்பு அது.

மீதிப் பாதியில் ஒருவர்தான் எங்கள் பயம். வெப்ப வாதம், எங்கள் பேச்சில் ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய் மூளை தடுமாறும் நிலை. தோல் காய்ந்திருக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஓடி வந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். பேச்சைக் கவனியுங்கள். பெயர் என்ன, எந்த ஊர், எத்தனையாவது கிலோமீட்டர் என்று நான் கேட்பேன். பதில் குழறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், "என்னை விடுங்க, நான் ஓடணும்" என்று தள்ளாடிக்கொண்டே திமிறினால் போதும். நெற்றியில் துப்பாக்கி மாதிரி பிடிக்கும் கருவி அந்த நேரத்தில் பொய் சொல்லும். ஈரத் தோலில் அது 37 என்று காட்டும்போது உள்ளே 41 இருக்கும். மலவாய் வழியாக வெப்பம் பார்ப்பதுதான் சரியான முறை. அதற்கு ஒரு திரையும் கூச்சப்படாத மனசும் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து செய்ய வேண்டியது ஒன்றே. முதலில் குளிர்வி, அப்புறம் ஆம்புலன்ஸில் ஏற்று. அமெரிக்காவின் பால்மவுத் நகரில் ஆகஸ்டு மாதம் 11.3 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. 18 ஆண்டு ஓட்டங்களில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. அத்தனை பேரையும் ஓட்டம் முடியும் இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கே சராசரி வெப்பம் 23 டிகிரிதான் என்பதையும் கவனியுங்கள். தூரம் குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் சூடு கூடும். அதனால்தான் முழு மாரத்தானைவிட 10 கிலோமீட்டருக்கும் 21க்கும் நான் அதிகம் பயப்படுகிறேன். உள்வெப்பம் அரை மணி நேரத்துக்குள் 39க்கு இறங்கிவிட வேண்டும். இறங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 30 கிலோமீட்டர். 108 பறந்து வந்தாலும் அந்த அரை மணி நேரம் சாலையிலேயே கரைந்துவிடும்.

"சுடச்சுட இருக்கிற உடம்புல ஐஸ் தண்ணியா? ஜன்னி கண்டுடும்மா" என்று பெரியவர்கள் பதறுவார்கள். அந்தப் பயத்தைவிடப் பெரிய சிக்கல் ஐஸே இல்லாததுதான். நான் கூடாரத்தில் நின்ற ஓர் ஓட்டத்தில், பெயர் வேண்டாம், ஐஸ் எங்கே என்று கேட்டதற்கு விருந்தினர்களின் ஜூஸ் பாட்டில்களைக் குளிரவைத்திருந்த சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பதக்கம் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தது. அதே நேரத்தில் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மீன் இறங்குதளத்தில் ஐஸ் பார்களை உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீனவர்கள் இருக்கும் இந்தக் கரையில் ஐஸுக்கா பஞ்சம்? தொட்டி வாங்க மனமில்லையென்றால் ஒரு நல்ல தார்ப்பாய் போதும். ஆளை நடுவில் கிடத்தி, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரும் உடைத்த ஐஸும் கொட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை மட்டும் வெளியே. அதுவும் இல்லையென்றால் ஐஸில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றி உடம்பெங்கும் போட்டு, விசிறிக்கொண்டே இருக்கலாம். தொட்டி அளவுக்கு வேகமில்லை, சும்மா நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

ஓடப் போகிறவருக்குச் சில வார்த்தைகள். முந்தின இரவு தூக்கமில்லை, காய்ச்சல் விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, வயிற்றுப்போக்கு, கல்யாண வீட்டில் குடித்தது இன்னும் இறங்கவில்லை என்றால் அன்று ஓடாதீர்கள். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெக்கையில் ஓடினால் சிறுநீரகம் கணக்குக் கேட்கும். சளிக்குப் போடும் பழைய வகை மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் பதிவே செய்யக் கூடாது. வழக்கமாக ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுபவர் மே மாதத்தில் 7 நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். உடம்பு சிலிர்த்தால், வெக்கையில் குளிர் எடுத்தால், அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

நடத்துபவர்களுக்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2007இல் சிகாகோ மாரத்தானை 31 டிகிரி வெப்பத்தில் பாதியிலேயே நிறுத்தினார்கள். திட்டு வாங்கினார்கள், ஆனால் நிறுத்தினார்கள். நம்மைப் போலவே புழுங்கும் சிங்கப்பூரில், இதே மூன்று வெப்பமானிக் கணக்கை வைத்து 2023 முதல் பொதுமக்களுக்கு வெப்ப எச்சரிக்கை தருகிறார்கள். தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஓட்டப் போட்டிக்குக் காவல்துறையிடம் அனுமதி கேட்கும்போது அவர்கள் போக்குவரத்து, ஒலிபெருக்கி பற்றிக் கேட்பதோடு வெப்பத்துக்கான ஏற்பாட்டையும் கேட்கலாம். மூன்று வெப்பமானி வாங்க ஆகும் செலவு மேடை அலங்காரத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அதுவரை கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எந்த ஓட்டத்துக்குப் பணம் கட்டுவதாக இருந்தாலும் டி-ஷர்ட் நிறத்தையும் பதக்கத்தின் வடிவத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டம் முடியும் இடத்தில் ஐஸ் தொட்டி இருக்கிறதா, புழுக்கத்தை அளக்கக் கருவி இருக்கிறதா, அளவு மீறினால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஜனவரிக்குக் காத்திருங்கள்.